ஜஹீரா கொண்டுவந்த பட்டாசுச் செடி

செடி விஷயத்தில் ஜஹீராவுக்குக் கைராசி கிடையாது என்பது அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. பார்த்ததைச் சொன்னோம். கேம்ப் ரோடு நர்சரியிலிருந்து வாங்கிவந்த ரோஜா இரண்டு மாதம் தாங்கியது. முல்லைக்கொடி மாடி வரை ஏறி, ஒரே வாரத்தில் காய்ந்து கயிறாகத் தொங்கியது. சமையலுக்கு ஆய்ந்துவிட்டு மிஞ்சிய புதினாத் தண்டைக்கூட ஊன்றிப் பார்த்தார். அதே கட்டிலிருந்து நாலு தண்டு வாங்கிப் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி டீச்சரும் ஊன்றினார். அங்கே புதராக வளர்ந்தது, இங்கே அழுகிப்போனது.

வேலையில் கதை வேறு. குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஜஹீரா இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்காரும் சர்க்கரை நோயாளிகள், "அந்த பாய் வீட்டம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் வாங்குவார்கள். நரம்பே தட்டுப்படாத கைகளிலும் முதல் குத்தில் எடுத்துவிடுவார். கணவர் ஹிதாயத்துல்லாவுக்கு மேற்கு தாம்பரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கடை. ஒரே மகள் சோயா அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்கு இருபது அடி மண் சும்மா கிடந்தது. பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாக அது தெரியும். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து எரிச்சல்பட்டதாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் எதிர் வீட்டுக்காரன்.

2019 ஆகஸ்டில் ஒரு நாள், ஷேர் ஆட்டோவுக்காகக் குரோம்பேட்டை ஸ்டேஷன் சுவரோரம் நின்றிருந்தபோது அந்தப் பூவைப் பார்த்திருக்கிறார். கத்தரிப்பூ நிறத்தில், சின்ன ஒலிபெருக்கி மாதிரி வாய் விரிந்த பூக்கள். கீழே ஜல்லியும் பாட்டில் மூடியும் பான்பராக் உறையும். ஒருவரும் தண்ணீர் ஊற்றாத இடம். அந்த வெயிலில் அது அத்தனை பூத்திருந்தது. குனிந்து ஒரு செடியைப் பிடித்து ஆட்டி இழுத்தார். விரல் விரலாக வெள்ளைக் கிழங்குகளோடு வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி எடுத்துவந்தார்.

"ரயில்வே சுவத்துல கீற களைய எடுத்துகினு வந்திருக்கே" என்றார் ஹிதாயத்துல்லா. "காசு குடுத்து வாங்கினதே நம்மகிட்ட நிக்கல."

"இதுவாவது நிக்கட்டுமே" என்றார் ஜஹீரா.

நின்றது. நான்காம் நாள் இலை நிமிர்ந்தது. மூன்றாம் வாரம் முதல் பூ. விடியும்போது மலர்ந்து, மதியத்துக்குள் கழன்று விழும். மறுநாள் வேறு பூ. வேலைக்குக் கிளம்பும் முன் ஆறு மணிக்குப் பின்வாசலில் நின்று எண்ணுவார். ஏழு, பதினொன்று, பத்தொன்பது. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணா, வந்து பாருங்க" என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, அது எந்தக் காலி மனையிலும் முளைப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு வந்த சோயாதான் செடிக்குப் பெயர் சொன்னாள். "ம்மா, இது பட்டாசுக்காய். ஸ்கூல்ல இத வச்சுத்தான் விளையாடுவோம்." காய்ந்து பழுப்பேறிய காய் ஒன்றைப் பறித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். இரண்டு நொடியில் பட்டென்று வெடித்து, விதைகள் சமையல் மேடை முழுக்கச் சிதறின. ஜஹீரா பயந்து பின்வாங்கி, பிறகு இன்னும் நாலு காயைக் கொண்டுவந்து போட்டார்.

அடுத்த இரண்டு வருடமும் அந்தச் செடியைப் பெருக்குவதுதான் அவருடைய ஓய்வு நேரம். கொரோனா காலத்தில் வேலை இரண்டு மடங்கு. முழுக் கவசத்துக்குள் பன்னிரண்டு மணி நேரம் வியர்த்துவிட்டு வருபவர், குளித்ததும் நேராகப் பின்வாசலுக்குத்தான் போவார். தண்டைக் கணு பார்த்து வெட்டி, பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டில்களில் வைத்தார். பத்து நாளில் கணுவிலிருந்து வேர் இறங்கியது. ஒரு கொத்துக் கிழங்கை நான்காகப் பிரித்து நட்டார், நான்கும் வந்தன. விதையை ஈரத்துணியில் மடித்து வைத்தார். வழவழவென்று பசை பூத்து, ஐந்தாம் நாள் முளைவிட்டது. எப்படி வைத்தாலும் வந்தது. கைராசி இல்லை என்று சொன்ன தெருவுக்குப் பதில் சொல்வது போல, பால் கவரில் மண் போட்டு, நாற்று வைத்து, வீடு வீடாகக் கொடுத்தார். எனக்கும் இரண்டு. கோடி வீட்டுக் கனகவல்லிக்கு ஆறு. நாகலக்ஷ்மி டீச்சருக்கு, அவருடைய மூலிகைப் பாத்தியின் ஓரத்தில் வைக்க எட்டு.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சாம்பசிவன் சார் அதைப் பார்த்துவிட்டு, தெருமுனைப் பூங்காவுக்கும் கேட்டார். "தண்ணியே ஊத்த வேண்டாம்ங்கறீங்க. நமக்கு அதுதான் வேணும்." 2022 ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நடைபாதையின் இரண்டு பக்கமும் நாற்பது நாற்று வைத்தார்கள். போட்டோ எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அன்றுதான் ஜஹீராவைத் தெருவே கைதட்டிப் பாராட்டியது.

பிறகு ஆரம்பித்தது.

முதலில் ஜஹீராவின் பின்வாசல் சிமெண்டு விரிசலில் இரண்டு. "பாரேன், இங்கயும்" என்று ஆசையாகவே சொன்னார். அடுத்து, தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டி மூடியின் ஓரம். கொத்தமல்லி தூவிய தொட்டியில் கொத்தமல்லியைவிட இதுதான் அதிகம் முளைத்தது. ஹிதாயத்துல்லாவின் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில், மழைநீர்க் குழாயின் வாயில், வாசற்படிக்கு அடியில். ஈரத்தில் விதை பசையாகிவிடுவதால் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு மாடிவரை போனது. இலையைக் கிள்ளினால் ஒரு வாரத்தில் மீண்டும் வந்தது. பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வந்து, கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிட்டது. கோடையில் மேலே எல்லாம் காய்ந்து தீர்ந்தது போலக் கிடந்து, ஒரு மழைக்கு முன்னைவிட இரண்டு பங்கு எழுந்தது.

நாகலக்ஷ்மி டீச்சர் தணிந்த குரலில் பேசுபவர். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். ஒருநாள் சுவருக்கு மேலாகச் சொன்னார்: "ஜஹீரா, தூதுவளை இருந்த இடமே தெரியலை. ஓமவல்லியும் போயிடுத்து. நான் தினமும் பிடுங்கறேன். தினமும் வரது."

"நான் வந்து எடுத்துத் தரேன்கா" என்றார் ஜஹீரா. போய் எடுத்தும் கொடுத்தார். மூன்று வாரத்தில் பழையபடி ஆனது. மறுபடி போனார். நான்காம் தடவை டீச்சரே கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்து, "பரவாயில்லை, இருக்கட்டும்" என்றார். அந்த 'இருக்கட்டும்' தன்னை அறைந்தது போல இருந்தது என்று ஜஹீரா சொன்னார்.

2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அந்தப் பருவத்துக் காய் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடித்திருக்க வேண்டும். வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்து, ஜனவரி கடைசியில் பார்த்தால், வண்டல் படிந்த எல்லா இடத்திலும் சின்னச் சின்ன ஜோடி இலைகள். செடி வாங்காத வீடுகளிலும். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சாம்பசிவன் சார் பூங்காவின் படத்தைப் போட்டு, "இந்தக் களையை நம் பகுதிக்குக் கொண்டுவந்தது யார்?" என்று கேட்டிருந்தார். நடைபாதையே தெரியாமல் மூடியிருந்தது. ஒன்றரை வருடம் முன் அதே குழுவில் அவர் கைதட்டிய படம் இருந்தது. ஜஹீரா ஏதோ எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

அந்த மாதம் அவர் போரைத் தொடங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, மண் இளகினால் கிழங்கு முழுசாக வரும் என்ற எண்ணத்தில், ஹோஸ் பைப்பைத் திறந்து பின்வாசல் முழுக்க நனைத்தார். தண்ணீர் பட்டதும் காய்கள் வெடித்தன. தாளிக்கும்போது கடுகு பொரிவது மாதிரிச் சத்தம். ஒரு நிமிடம் அவருக்குப் புரியவே இல்லை. பிறகு பைப்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஹிதாயத்துல்லா வந்து குழாயை மூடினார்.

"ஒரு காயி ரெண்டு காயி இல்ல. நூறு இருக்கும். நானே எல்லாத்தையும் வெதச்சுட்டேன்" என்றார் ஜஹீரா.

"வுடு. போயி டீ போடு. பேஜாரா போச்சு இந்தச் செடியோட."

"டீயாவது ஒண்ணாவது."

கணவர் கடைசியில் சொன்ன யோசனை, பின்வாசல் மொத்தத்துக்கும் சிமெண்டு போட்டுவிடலாம் என்பது. அதற்கு ஜஹீரா ஒப்பவில்லை. சிமெண்டு விரிசலில்தான் அது முதலில் வந்தது என்பதை நினைவுபடுத்தினார்.

ஏப்ரலில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். வினிகர், கல் உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு. மூன்றையும் கலந்து ஊற்றினால் எந்தக் களையும் வேரோடு போகும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஜஹீரா இரண்டு பக்கெட் கலந்து தெளித்தார். மறுநாளே இலைகள் கருகின. அந்தத் தைரியத்தில் கல் உப்பு மூட்டை ஒன்றை வாங்கிவந்து, செடி அடர்ந்திருந்த காம்பவுண்டு சுவரோரம் நெடுகக் கொட்டி மண்ணை மூடினார். வெயில் காலம். ஆறு வாரம் ஒன்றும் முளைக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்.

ஜூன் நடுவில் இரண்டு நல்ல மழை. உப்பு கரைந்தது. பத்தாம் நாள், கிழங்கிலிருந்து புதுத் தளிர். முதலில் ஒன்று, பிறகு வரிசையாக. அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறார்.

டீச்சர் வீட்டுக் கறிவேப்பிலை மரம் சுவரை ஒட்டி நின்றது. மூன்று தண்டாகக் கிளைத்து, மாடி உயரம் வளர்ந்த மரம். எங்கள் தெருவில் யாரும் கறிவேப்பிலை காசு கொடுத்து வாங்கியதில்லை. டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினால் ஒரு கொத்து வரும். அதன் இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகி, கீழே கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் மரத்தடியில் நின்று ஒரு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னே தெரியலை ஜஹீரா. பூச்சியும் இல்லை. புளிச்ச மோர் ஊத்திப் பார்த்துட்டேன், வேப்பெண்ணெய் அடிச்சுட்டேன். பதினாலு வருஷ மரம்."

ஜஹீரா பிடுங்கியதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்க மனிதர்களின் ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று பார்ப்பவர். மழைத்தண்ணீர் உப்பை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஹிதாயத்துல்லா பிறகு சொன்னார். "மரந்தானே, தானா பட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க, நீ கம்முனு இரு" என்று அவர் சொல்லியிருக்கிறார். ஜஹீராவால் முடியவில்லை. டீச்சர் தினமும் மரத்துக்கு ஏதாவது மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போய் மணியடித்தார். டீச்சர் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். ஜஹீரா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, மரத்துக்கு நோய் இல்ல. நான் சுவரோரம் உப்பு கொட்டினேன். அந்தச் செடிய அழிக்க. ஒரு மூட்டை."

டீச்சர், "எப்போ?" என்றார்.

"ஏப்ரல்ல."

"இன்னிக்கு ஜூலை ஏழு."

"மழைக்கப்புறந்தான்கா எனக்கே தெரிஞ்சுது. தெரிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. சொல்ல தைரியம் வரலை."

"ஒரு வாரமா நான் அதுக்கு மருந்து ஊத்தறதை நீ பார்த்துண்டிருக்கே."

"ஆமாங்கா."

"சரி. நீ போ ஜஹீரா" என்று சொல்லிவிட்டு டீச்சர் கதவைச் சாத்தினார். வேகமாகச் சாத்தவில்லை. பிறகு அக்டோபர் வரை அவர் ஜஹீராவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ரத்தம் கொடுக்க வந்த ஓய்வு பெற்ற வேளாண் அதிகாரி ஒருவரிடம் ஜஹீரா கேட்டார். மண்ணில் ஜிப்சம் போட்டு, வேர்ப்பகுதியிலிருந்து உப்பு கீழே இறங்கும் அளவுக்குத் தண்ணீர் விட வேண்டும், வேறு வழியில்லை, அதுவும் நிச்சயமில்லை என்றார் அவர். ஜஹீரா தன் பக்கத்து மண்ணை ஒரு அடி ஆழம் வெட்டிச் சாக்கில் அள்ளினார். பிறகு லாரித் தண்ணீர் வரவழைத்து, ஹோஸைச் சுவருக்கு மேலாக டீச்சர் பக்கம் தொங்கவிட்டு, மரத்தடியில் மூன்று நாள், நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டார். அதற்கு டீச்சரிடம் அனுமதி கேட்கப் போனவரும், மரத்தடியில் ஜிப்சம் தூவியவரும் ஹிதாயத்துல்லாதான். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாராம்.

அந்தத் தண்ணீருக்கு மரம் எழுந்ததோ இல்லையோ, பட்டாசுச் செடி நன்றாக எழுந்தது. "பாருங்கண்ணா" என்று என்னிடம் காட்டினார் ஜஹீரா. அவர் குரலில் அழுகை இல்லை. அசல் கோபம் இருந்தது. "அதுக்குத்தான் தண்ணி லாரி வரவழைச்சேன் போல."

சங்கத்துக் கூட்டம் ஆகஸ்டில் நடந்தது. பூங்கா விஷயம் வந்ததும், சாம்பசிவன் சார் வழக்கம்போல, "யாரோ பொறுப்பில்லாம" என்று ஆரம்பித்தார். ஜஹீரா எழுந்து நின்றார்.

"யாரோ இல்ல சார். நான்தான். நாற்பது நாத்தும் என் வீட்டுலேர்ந்து வந்தது. நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன். ரெண்டு பேருக்கும் அது இப்படிப் பரவும்னு தெரியாது. திட்டுறதுன்னா திட்டிக்குங்க. அப்புறமா யாரு எந்த ஞாயித்துக்கிழமை வர்றீங்கன்னு சொல்லுங்க."

நான்கு பேர் கை தூக்கினோம். முதல் ஞாயிறு நாலு பேரும் வந்தோம். மூன்றாம் ஞாயிறு ஜஹீராவும் நானும் மட்டும். பூங்காவைப் பெருக்கும் கங்கையம்மாள் துடைப்பத்தை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தார். மாதாமாதம் அரிவாளால் அதை அறுத்துத் தள்ளுவது அவருடைய தலையில் விழுந்த வேலை.

"இன்னாமா, நீங்க மேல மேல புடுங்கினுகீறீங்க" என்றார். "நானும் ரெண்டு வருசமா அறுத்துகினுதான் கீறேன். மேல அறுத்தா உள்ள கெயங்கு பெருத்துகினே போவுது. என் இடுப்புதான் போச்சு. யாருமா இத்த கொண்ணாந்து வச்சது?"

"நான்தான்" என்றார் ஜஹீரா மறுபடியும்.

கங்கையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சே போ" என்று சொல்லி நகர்ந்தார்.

தப்பாகவே செய்து செய்து, கடைசியில் ஒரு முறைக்கு வந்தார் ஜஹீரா. மண்ணில் கை வைக்கும் முன், நல்ல வெயிலில், மண்ணும் செடியும் காய்ந்திருக்கும்போது, காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி மூடி போட்ட டப்பாவில் போட வேண்டும். பச்சைக் காய், பழுப்புக் காய், இரண்டும். வியர்த்த கையால் தொட்டாலே சில வெடிக்கும். அதனால் லேபிலிருந்து பழக்கமான கையுறையை மாட்டிக்கொண்டார். காய் ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகு, மறுநாள் மண்ணை நனைக்க வேண்டும். அதற்கு அடுத்த நாள் சின்னக் கடப்பாரையால், செடிக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்ணோடு நெம்பி எடுத்தால் கிழங்குக் கொத்து உடையாமல் வரும். எடுத்ததைக் குப்பையில் போடக் கூடாது, எருக்குழியில் போடவே கூடாது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி மாடி வெயிலில் ஒரு மாதம் வேகவிட வேண்டும். முடிந்த இடத்தில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, மேலே காய்ந்த தென்னை மட்டைத் தூளைப் போட்டு வெளிச்சமே படாமல் மூடிவிட வேண்டும். இத்தனையும் செய்தாலும் மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதை முளைத்துக்கொண்டுதான் இருக்கும். அதை இரண்டு இலையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். வாரம் ஒரு தடவை, வருடக் கணக்கில்.

இதை வைத்துக்கொண்டு, தான் நாற்று கொடுத்த பதினொரு வீட்டுக்கும் போனார். கொடுத்தபோது சிரித்து வாங்கியவர்கள்தான். சிலர் நிம்மதியாக உள்ளே விட்டார்கள். சிலர், "கொடுத்ததும் நீங்க, பிடுங்கறதும் நீங்களா" என்று கேலி செய்தார்கள். கோடி வீட்டுக் கனகவல்லி கேட்டைத் திறக்கவே இல்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு. வெயில்லயும் பூக்குது. எதுக்கு எடுக்கணும்?"

"தெரு முழுக்கப் பரவுது மேடம்."

"தெருவுக்கு நான் பொறுப்பா?"

ஜஹீரா கேட்டிலிருந்தே திரும்பினார். கனகவல்லி வீட்டுச் செடி மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் மட்டும், லேபுக்குப் போகும் வழியில் நின்று காயைக் கிள்ளிக்கொண்டு போவார். உள்ளே இருப்பது அவர் கண் முன்னாலேயே காய்த்து வெடிக்கும். ஒரே ஒரு வீடு அந்தச் செடியை வைத்திருந்தால் போதும், தான் செய்வதெல்லாம் வீண் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் செய்தார். ஒருநாள் கனகவல்லியின் கணவர் வெளியே வந்து, "என்ன மேடம், எங்க வீட்டுச் சுவத்துல என்ன பண்றீங்க?" என்று கேட்டாராம். அன்று ஜஹீரா லேபுக்குப் பத்து நிமிடம் தாமதம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

நானும் யோக்கியன் இல்லை. எனக்குக் கொடுத்த இரண்டில் ஒன்றை மாடியில் பெயிண்ட் வாளியில் வைத்திருந்தேன். எல்லோரும் பிடுங்கிய பிறகும் அதை எடுக்க மனம் வரவில்லை. வேறு எதுவும் பூக்காத மே மாதத்தில் அது பூக்கும். ஜஹீரா ஒருநாள் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஹிதாயத்துல்லா மோட்டார் மாட்டுவதைப் பார்க்க மாடிக்கு வந்தவர், வாளியைப் பார்த்துவிட்டார். அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, தண்டை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்.

"காய் இல்லையே" என்றார்.

"பூ வாடினதும் கிள்ளிடறேன்."

"தினமுமா?"

"தினமும்."

அவர் நம்பியும் நம்பாமலும் என்னைப் பார்த்தார். "ஊருக்குப் போனா மாடிச் சாவிய எங்க வீட்டுல குடுத்துட்டுப் போங்கண்ணா." கிளம்பும்போது ஒரு தடவை திரும்பி அந்தப் பூவைப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு, சனியன்" என்றார்.

டீச்சர் வீட்டு மரத்தில் இரண்டு தண்டு பட்டுப்போய் வெட்டிவிட்டார்கள். மூன்றாவது, அக்டோபர் மழைக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்த்தது. பழைய மரம் இல்லை. டீச்சர் வீட்டுத் தேவைக்கு மட்டும் போதும். நாங்கள் இப்போது கறிவேப்பிலை வாங்கித்தான் சமைக்கிறோம். துளிர்த்த வாரத்தில் ஜஹீரா, டீச்சரின் மூலிகைப் பாத்தியில் காய் பறிக்க அனுமதி கேட்டு நின்றார். டீச்சர் உள்ளே விட்டார். மணைக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "கீழே உக்காராதே, ஈரம்" என்றார். மூன்று மாதத்துக்கு மேல் கழித்து முதல் பேச்சு அது. பழைய நெருக்கம் அதோடு வந்துவிடவில்லை. முன்பெல்லாம் ஜஹீரா வீட்டு நோன்புக் கஞ்சி சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் போகும், கிண்ணம் திரும்பும்போது ஏதாவது பலகாரம் இருக்கும். இந்த ரமலானில் கஞ்சி போனது. கிண்ணம் கழுவித் திரும்பியது.

பூங்காவில் இப்போது நடைபாதை தெரிகிறது. ஒரு பக்கம் சுத்தம், மறுபக்கம் பாதி. சாம்பசிவன் சார் வேறு ஏதோ செடி வைக்கலாம் என்று பேச்செடுத்தார். ஜஹீரா, "முதல்ல அது என்ன செடின்னு சொல்லுங்க, நான் படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். அவருடைய பின்வாசலில் அட்டையும் மட்டைத்தூளும் மூடிய மண்தான். பத்து மாதமாக அங்கே எதுவும் நடவில்லை. எதை நட்டாலும் அதன் நடுவில் இது முளைத்தால் வேரைக் குத்தி எடுக்க முடியாது என்கிறார். சும்மா கிடந்த மண் மறுபடியும் சும்மா கிடக்கிறது. கோயம்புத்தூரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்ட சோயா, போனில், "விட்டுடேன்மா, ஊர்ல எல்லா இடத்துலயும்தானே இருக்கு" என்கிறாளாம். "எல்லா இடத்துலயும் நான் வைக்கலையே" என்பாராம் ஜஹீரா.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பூங்காவுக்குப் போனேன். முந்தின நாள் தூறியிருந்தது. ஜஹீரா கையுறையோடு நடைபாதையோரம் குந்தியிருந்தார். பக்கத்தில் கறுப்புப் பை பாதி நிறைந்திருந்தது. கங்கையம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை இவரோடு சேர்ந்து கெல்லிக்கொண்டிருந்தார். அது அவருடைய வேலை நேரம் இல்லை.

"இந்த வருஷம் கொறஞ்சிருக்கு இல்ல?" என்று கேட்டேன்.

"கொறஞ்சிருக்குன்னுதான் நானும் சொல்லிக்கறேன்" என்றார் ஜஹீரா. ஒரு கொத்தை நெம்பினார். கிழங்கு பாதியில் முறிந்து, ஒரு விரல் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பாரையை மறுபடி குத்தி, கையை முழங்கை வரை விட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை. ஏழு மணிக்கு லேபில் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிறும் அரை நாள் உண்டு.

"அந்த இடத்துல ஒரு குச்சி நட்டு வைங்கண்ணா. அடுத்த வாரம் அங்கதான் மொளைக்கும்" என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் பையில் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.